அப்பாவோட வேனும் முருகனோட மயிலும்



சுண்ணாம்புக்குளத்துல எங்க வீட்டு வாசல்ல அப்பாவோட பழைய ஆம்னி வேன் சும்மா நிக்குது. சிறுவாபுரி முருகனைப் பார்க்க எங்களை ஏத்திட்டுப் போன வண்டி. 15 வருஷம் தாண்டிடுச்சு, எஃப்.சி. பாஸ் ஆனாத்தான் ஆர்.சி. புதுப்பிக்க முடியும். ஏரி உப்புக்காத்துல அடிப்பாகம் அரிச்சுப்போச்சு; வெல்டிங் நிக்காதுன்னுட்டார் மெக்கானிக்.

"பெயிண்ட் அடிச்சுக் குடுப்பா, ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்த வாங்கிக்கிறேன். அடியில யார் பார்க்கப்போறா?" என்றார் ஒருவர். நல்ல விலை. மனசு ஆடிச்சு. ஆனா அரிச்சது அவருக்குத் தெரியும். ஏறப்போற பிள்ளைங்களுக்குத் தெரியாதே!

மாமரமாய் நின்ற சூரனை வேல் பிளந்தது. அவன் அழியவில்லை, மயிலும் சேவலும் ஆனான். உருமாறுவதும் அருள்தான். இந்த இரும்பும் உருகி வேறொன்றாகட்டும்.

அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்துக்கே அனுப்புகிறேன். டேஷ்போர்டு முருகன் மட்டும் பூஜையறைக்கு வந்துட்டார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!