வழி விடுதலும் சினம் விடுதலும்



சென்ற மாதத்து ஞாயிறு சபையில் ஓர் அம்மையார் நம்மை ஒரு வினா வினவினார். அன்று நாம் கூறியது விடையாகாது. ஆகலின் அதனை இவ்விதழில் மீண்டும் எடுத்துக்கொள்கிறோம். வினா பிறந்த இடம் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ். அது பிறப்பதற்குக் காரணமானவர் நாமே. நடந்ததை மறைக்காமல் முதலில் கூறிவிடுவோம்.

நம் சங்கத்தாரிற் பலர் இன்றும் சைக்கிள் மிதிப்பவர்கள். விடியுமுன் பத்திரிகை போடும் பிள்ளைகள், பால் கொண்டுசெல்வோர், தோட்டவேலை செய்வோர், இரவுக் காவல் முடித்து வீடு திரும்புவோர் என்று பலரையும் நாம் அறிவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாங்கி ஏரிப் பக்கம் தலைக்கவசம் அணிந்து, விலையுயர்ந்த சைக்கிள்களில் உடற்பயிற்சிக்காகச் செல்லும் கனவான்களும் உளர். அவர்கள் களைத்தால் வீட்டில் கார் உண்டு. நம்மவர்க்குச் சைக்கிளே கார், சைக்கிளே பேருந்து. நூற்பாலையில் பதினான்கு ஆண்டுகள் உழைத்த காலத்தும், ஆலை மூடப்பட்டுத் தன்ம ஊழியத்துக்கு வந்த பின்னும், ஸ்ரீராமபுரத்திலிருந்து நாம் அதே சைக்கிளில்தான் சென்று வருகிறோம்.

மல்லேஸ்வரமோ 1898ஆம் ஆண்டில் பிளேக் நோய் நகரைத் தாக்கியபின், காற்றோட்டமான வாழ்வை நாடியவர்களால் பெருகிய பேட்டை. (அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலே சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும் அதே 1898இல்தான். இது நிற்க.) நடப்பவர்க்கும் ஜட்கா வண்டிக்கும் போதுமென்று அமைந்த அத்தெருக்களில் இன்று காரும் ஆட்டோவும் ஸ்கூட்டரும் நெருக்கியடிக்கின்றன. ராஜா மில் இருந்த நிலத்தில் மந்திரி ஸ்கொயர் என்னும் கடை மாளிகை எழுந்திருக்கிறது. அதன் வாயிலில் மாலைவேளையில் ஒலிக்கும் ஹாரன் ஓசையை நோக்க, பழைய ஆலைச் சங்கின் ஓசை தாலாட்டு என்றே சொல்லலாம்.

வரமகாலட்சுமி நோன்புக்கு முந்திய மாலை அது. எட்டாவது கிராஸ் முழுவதும் பூக்குவியலும் வாழைக்கன்றும் மக்கள் வெள்ளமும். இவ்விதழின் பிரதிகளைக் காரியரில் கட்டிக்கொண்டு சென்றோம். ஓரமாய் நின்ற காரின் கதவு, பின்னே வருவது யாரென்று பாராமலே, திடீரெனத் திறக்கப்பட்டது. கைப்பிடி அதில் மோத, நாம் வீழ்ந்தோம். கட்டு அவிழ்ந்து இதழ்கள் சேற்றில் சிதறின. பின்னால் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து ஸ்கூட்டரில் வந்த இளைஞர் ஒருவர் ஹாரனை அழுத்தியபடியே, 'தாரி பிடு, தாத்தா' என்று கன்னடத்தில் கூவிச் சிரித்துவிட்டுச் சென்றார்.

வழி விடு என்பது அதன் பொருள். ஐம்பத்தாறு வயதில் தாத்தா ஆனதைக்கூடப் பொறுத்திருப்போம். 'வழி விடு' என்ற சொல்தான் உள்ளே சென்று தைத்தது. வட ஆர்க்காட்டுக் கிராமத்தில் நம் பாட்டனார் அரும்பாடுபட்டு ஒரு சைக்கிள் வாங்கினார். ஊர்த்தெரு தொடங்குமிடத்தில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையிற்பிடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, தெரு முடிந்தபின்தான் மீண்டும் ஏறுவார். நாமே சிறுவயதில் அவருடன் நடந்திருக்கிறோம்.

அந்தத் தெரு முழுவதும் அந்தக் கணத்தில் நம் கண்முன் வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினோம். சிக்னலில் நின்ற அப்பிள்ளையின் ஸ்கூட்டர்ச் சாவியைப் பிடுங்கினோம். இங்கே எழுதத்தகாத சொற்களைச் சொன்னோம். அவரும் தமிழ்ப்பிள்ளைதான் போலும், அதே சொற்களைத் தமிழிலேயே திருப்பித் தந்தார். கூட்டம் கூடியது. யாரோ ஒருவர் நம் கையிலிருந்து சாவியை வாங்கி அவரிடம் கொடுத்தார். நடுங்கும் கையோடு திரும்பி வந்து பார்த்தால், நம் சைக்கிளை நிமிர்த்திவைத்துச் சேறுபட்ட இதழ்களை ஒவ்வொன்றாய் அடுக்கிக்கொண்டிருந்தார், அங்கே பூ விற்கும் ஓர் அம்மையார். அவர் நம் சபைக்கு வருபவர்.

அடுத்த ஞாயிறன்று நாம் மைத்திரி என்னும் பொருள் பற்றிப் பேச ஏற்கெனவே அறிவித்திருந்தோம். முகம் சிவந்தே பேசினோம். முடிவில் அவ்வம்மையார் எழுந்தார்.

'ஐயா, தாங்கள் சண்டையிட்டது பற்றி நான் கேட்கவில்லை. என் மகனும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான். வழி விடு என்று எவன் கூவினாலும் சிரித்துக்கொண்டு ஓரம் போ என்பதுதான் பகவான் போதனையா? என் மாமனார் ஆயுள் முழுதும் ஓரம் போனவர்.'

பொறுமையே பெருமை என்பதுபோல் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவர் பேசாமல் அமர்ந்துவிட்டார். அந்த மௌனம்தான் இக்கட்டுரையை எழுதவைக்கிறது.

அம்மையே, பகவான் ஓரம் போகச் சொல்லவில்லை. அங்குலிமாலன் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கொலைஞன் திருந்தித் துறவியான பகுதியையே பெரிதாகச் சொல்கிறோம். அது தொடங்கும் இடத்தைச் சற்று நோக்குங்கள். அது ஒரு சாலையில் தொடங்குகிறது. மாடு மேய்ப்போரும் உழவரும் வழிச்செல்வோரும் பகவானைத் தடுத்து, அந்த வழியே போகவேண்டாம், முப்பது பேர் நாற்பது பேராய்ச் சேர்ந்து சென்றவர்களும் அவன் கையில் அகப்பட்டார்கள் என்கின்றனர். மும்முறை எச்சரிக்கின்றனர். பகவான் ஒன்றும் பேசாது அந்த வழியிலேயே நடக்கிறார். ஆயுதத்தோடு பின்னே ஓடிவருபவன் தன் முழு வலிமையோடு ஓடியும், இயல்பாக நடப்பவரை எட்ட முடியவில்லை. நில் என்று கத்துகிறான். பகவானோ தாம் நின்றுவிட்டதாகவும், நிற்கவேண்டியவன் அவனே என்றும் விடை கூறுகிறார்.

அவர் வழியை விட்டாரா? இல்லை. ஓரடியும் விலகவில்லை. சினந்தாரா? அதுவுமில்லை. நாம் இவ்விரண்டையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறோம். சினம் விட்டால் வழியும் விடவேண்டும், வழி வேண்டுமானால் சினம் வேண்டும் என்று எண்ணுகிறோம். பகவானின் நடையில் அந்த முடிச்சு இல்லை.

நம் சினம் அன்று செய்த காரியத்தைப் பாருங்கள். கதவைத் திறந்து நம்மை வீழ்த்தியவர் காரில் வந்த கனவான். அவரை நாம் ஒரு வார்த்தை கேட்டோமா? திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டிருந்தார். நாம் துரத்திப் பிடித்தது, நேரத்துக்குப் பொட்டலம் சேர்க்காவிட்டால் கூலி குறையுமே என்று ஓடும் ஓர் ஏழைப் பிள்ளையை. பாட்டனாரை இறக்கி நடக்கவைத்தவர்களுக்கு உரிய சினத்தை அப்பிள்ளையின் தலையில் இறக்கினோம். சினம் குற்றவாளியைத் தேடுவதில்லை. கைக்கெட்டியவரைப் பிடிக்கிறது, அதிலும் எளியவரையே பிடிக்கிறது. இதை எழுதும்போதும் நாணுகிறோம்.

காஞ்சிபுரத்தில் தங்கியிருந்து பின்னர் ஈழத்தில் விசுத்திமார்க்கம் இயற்றிய ஆசாரியர் புத்தகோசர், பிறர்மேல் எறியக் கனன்ற கங்கைக் கையிலெடுப்பவன் முதலில் தன் கையையே சுட்டுக்கொள்கிறான் என்று விளக்குகிறார். நம் கை சுட்டது உண்மை. கங்கு விழுந்ததோ, எறிய வேண்டிய இடத்திலும் அன்று.

வழியைப் பெற்றுத்தந்தவர்கள் எவ்வாறு பெற்றார்கள்? 1924இல் சென்னைச் சட்டசபையில், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் யாவற்றிலும் எவ்வகுப்பாரும் செல்லத் தடையில்லை என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசனார். அவர் அயோத்திதாசரின் மைத்துனர். 1927இல் மகாத் நகரில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று சவதார் குளத்து நீரைப் பருகினார். அவர்கள் ஓரம் போகவில்லை, எவர் சாவியையும் பிடுங்கவுமில்லை. சட்டம் வந்தபின்னும் நம் பாட்டனார் இறங்கியே நடந்தார் என்பதையும் நாம் மறக்கவில்லை. எழுத்தில் கிடைத்த வழியைக் காலால் பெறுவதற்கு இன்னும் நெடுங்காலம் ஆகிறது. அவ்வளவு தூரம் செல்லச் சினத்தின் மூச்சுப் போதாது.

சபையில் கண்மூடி அமரும்போது நாமும் சாந்தமூர்த்திதான். சாவத்தி நகரத்து வேதேகிகை என்னும் இல்லத்தரசியும் அப்படித்தான், பொறுமைசாலி என்று ஊரெல்லாம் பெயர் பெற்றவள். அவள் பணிப்பெண் காளி, இது மெய்யான பொறுமையா, தன் வேலை செவ்வையாய் நடப்பதால் வந்த பொறுமையா என்று சோதிக்க எண்ணி, நாள்தோறும் தாமதித்து எழுந்தாள். மூன்றாம் நாள் கதவின் தாழ்க்கட்டை காளியின் தலையை உடைத்தது. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் நமக்குக் காளியாயிற்று.

இனி மகனுக்கு என்ன சொல்வது? ஆலையில் நாம் கற்றது ஒன்றுண்டு. நூற்கும் இயந்திரத்தில் ஓர் இழை அறுந்தால், தொழிலாளி விரல்நுனியால் உடனே இணைத்துவிட்டு அடுத்ததற்கு நகரவேண்டும். ஏன் அறுந்தது, பஞ்சு தந்தவன் யார் என்று நின்று வைதால், அதற்குள் பத்து இழை அறுந்துபோகும். சாலையில் ஹாரன் ஒலிக்கும்போதெல்லாம் ஓர் இழை அறுகிறது. ஒரு மூச்சை இழுத்து விட்டு, மிதியில் இருக்கும் காலை உணர்ந்தால், அது இணைந்துவிடும். ஒருமுறை இணைத்தால் போதாது. சம்பிகே சாலை முடிவதற்குள் நாம் நாற்பது முறை இணைக்கிறோம்.

அத்தோடு, சாலையில் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடப்புறம் செல்வது முறை. அதற்காகச் சாக்கடையோரம் செல்லவேண்டியதில்லை. நிற்கும் காரிலிருந்து ஒரு கதவின் அகலம், அதாவது மூன்றடி, விட்டே செல்லவேண்டும். பின்னால் எவன் முழங்கினாலும் அந்த மூன்றடியை விடலாகாது. அது செருக்கு அன்று, உயிர். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். திரும்புமுன் கைகாட்டவேண்டும். இரவில் விளக்கும், பின்புறம் சிவப்புச் சில்லும் வேண்டும். ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் நுழைவது நம்மவரிடமும் உள்ள குற்றம். நாமும் அவசரத்தில் செய்திருக்கிறோம். அப்போது நம்மைக் கண்டு ஒதுங்கிய கிழவிக்கு நாமே அந்த ஸ்கூட்டர்ப் பிள்ளை.

ஒருவர் தீங்கு செய்தால் கேட்கவேண்டும். நன்மொழிக்குப் பகவான் ஐந்து இலக்கணம் வகுத்தார்: காலமறிதல், உண்மை, மென்மை, பயன், அன்புள்ளம். ஓடும் வண்டிகளின் நடுவே காலமில்லை. நின்றபின் காலமுண்டு. கதவைத் திறந்தவரிடம் சென்று, 'ஐயா, பாராமல் திறந்தீர்கள், நான் வீழ்ந்தேன்' என்று கண்ணைப் பார்த்துச் சொல்லலாம். கேளாவிட்டால் வண்டி எண்ணைக் குறித்துப் போக்குவரத்துப் போலீசாரிடம் கொடுக்கலாம். இதற்கு ஓடுவதைக் காட்டிலும் அதிகத் துணிவு வேண்டும் என்பதே நம் அனுபவம்.

சென்ற வெள்ளிக்கிழமை அதே எட்டாவது கிராஸில் மீண்டும் ஒரு காரின் கதவு திறந்தது. மூன்றடி தள்ளிச் சென்றதால் அது நம்மைத் தொடவில்லை. பின்னால் ஓர் ஆட்டோ விடாது முழங்கியது. நாம் விலகாமல் கடந்து, சைக்கிளை நிறுத்தி, திரும்பிச் சென்று அவரிடம் சொல்லவேண்டியதைச் சொன்னோம். குரல் சற்று உயர்ந்தே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. செல்பேசியைப் பார்த்தபடியே நடந்துவிட்டார். எதிர்ப்புறம் பூக்கூடையருகே அமர்ந்திருந்த அம்மையார் இவை யாவற்றையும் பார்த்திருந்தார். நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி, காத்திருந்த பெண்ணுக்கு மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்தார்.