பாட்டியிடம் யார் கேட்பது?



எண்பது வயதுப் பாட்டியின் சேலைத் தலைப்பில் அடுப்பு நெருப்புப் பற்றி, ஒரு கையும் ஒரு காலும் வெந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். (உடனே குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள்; மையும் பற்பசையும் பூசாதீர்கள்.) விரிஞ்சிபுரத்திலிருந்து வேலூர் தூரமில்லை, ஆஸ்பத்திரி சேர்த்தாயிற்று.

வைத்தியர் கணக்குப் போடுகிறார். கை 9 பங்கு, கால் 18 பங்கு, ஆக நூற்றுக்கு 27. அதோடு வயதைக் கூட்டிப் பார்ப்பது, 1961-ல் பிரெஞ்சு வைத்தியர் போ என்பவர் சொன்ன முறை. தொகை 107. நூறைத் தாண்டினால் பிழைப்பது அரிது என்பது அக்காலத்து அனுபவம். இன்று தாண்டியவர்களிலும் பிழைப்பவர் உண்டு. ஆனால் முதியோரின் தோல் மெல்லியது, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினால் எடுத்த இடமும் லேசில் ஆறாது.

அப்படியானால் முடிந்ததெல்லாம் செய்தே தீரவேண்டுமா? 1957 நவம்பர் 24-ந் தேதி பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் வைத்தியர்களுக்கு இதற்குப் பதில் சொன்னார். சாதாரண வழிகளைக் கையாளுவது கடமை. நோயாளிக்கோ பிறருக்கோ மிதமிஞ்சிய பாரமாகும் வழிகள் கடமையல்ல. காயம் கட்டுவதும் நோவைத் தணிப்பதும் எந்நாளும் கைவிடத்தகாதவை. உயிரைப் போக்க மருந்து கொடுப்பதோ கொலை. பாட்டிதானே என்று அலட்சியமாய் விடுவது பாவமென்று நமக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லுமோ என்று அறுவைமேல் அறுவை செய்விப்பதற்கு மட்டும் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அதே உரையில் இன்னொன்றும் உண்டு: நோயாளி கொடுக்கும் உரிமைக்கு மிஞ்சி வைத்தியருக்கு அவர்மேல் உரிமையில்லை. ஆழமாய் வெந்த இடத்தில் நரம்பே கருகுவதால் அங்கே வலி தெரியாது. ஆகவே முதல் சில மணி நேரம் பாட்டி பெரும்பாலும் தெளிவாய்ப் பேசுவாள், தண்ணீர் கேட்பாள், பேரனை விசாரிப்பாள். பிறகு வீக்கமும் மூச்சுக்குழாயும் மயக்க மருந்தும் பேச்சை நிறுத்திவிடக்கூடும். அந்தச் சில மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? “ஒன்றுமில்லை பாட்டி, ஊசி போட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் நாமே கையெழுத்துப் போடுகிறோம். காணி விற்க அவள் கைநாட்டைத் தேடுகிறவர்கள், அவள் சரீரத்தைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை!

கேட்டால் பயந்துவிடுவாளே என்பீர்கள். பயப்படலாம். தன் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் அடக்கம் பண்ணிய கிழவிக்கு மரணம் புதிதா? கடைசிவரை பார் என்றாலும், என்னை வீட்டுக்குக் கொண்டுபோ என்றாலும், அது அவள் வாயால் வரட்டும். முன்கூட்டியே எழுதிவைக்கவும் 2018-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது.

குருவானவரையும் அந்த நேரத்திலேயே அழையுங்கள். பேச்சு நின்றபின் வந்தால் எண்ணெய் பூசலாம். பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது.