முழமும் நிழலும்

இறந்தவரை வைக்கும் இடத்தைப் பெருங்கற்கால மக்கள் அளந்தே அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே, மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் 1950-களின் தொடக்கத்தில் அகழ்ந்த கல்வட்டங்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பல்லாவரத்திலும் குன்றத்தூரிலும்கூட அவர்களுடைய ஈமச் சின்னங்கள் உண்டு. நில அளவைக்காக நூறடி எஃகுச் சங்கிலியை வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் விரித்தது 1802-ல்தான். அதற்கு ஈராயிரம் ஆண்டுக்கும் முன்னால் இவர்கள் எதைக் கொண்டு அளந்திருப்பார்கள்?

கயிறும் உடம்பும் போதுமாயிருந்திருக்கும். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்காரம்மா இன்றும் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்துத்தான் கபாலீசுவரருக்குப் பூ அளந்து தருகிறார். ஆளுக்கு ஆள் முழம் மாறும். ஒருவர் கையால் அளந்து முடிச்சிட்ட கயிறு மாறாது. நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு தளராமல் சுற்றி நடந்தால் வட்டம் வந்துவிடும். பாறைகளை எண்ணக் கூழாங்கற்கள் இருக்கின்றன.

ஸ்காட்லாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் தாம், பிரிட்டனின் கல்வட்டங்களை ஆண்டுக்கணக்கில் அளந்து, அவற்றுக்கெல்லாம் 2.72 அடி என்ற ஒரே அளவுகோல் இருந்ததாக 1967-ல் எழுதினார். அது மனிதர் எட்டு வைக்கும் தூரத்தின் சராசரியாகவே இருக்கலாம் என்று மறுத்தவர்கள் உண்டு. மறுத்தவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. பிரிந்தவரை நடுவில் வைத்து, அடி மேல் அடி வைத்துச் சுற்றி வந்தவரின் நடையை அளவை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வலம் வருதலும்தான்.

கர்நாடகத்துப் பிரம்மகிரியில் மார்டிமர் வீலர் 1947-ல் அகழ்ந்த கற்பதுக்கைகளில், நான்கு பலகைக் கற்களும் ஒன்றையொன்று தாங்கும்படி நின்றன. கிழக்குப் பலகையில் ஒரு வட்டத் துளை. கிழக்கைச் சூரியனிடம்தான் கேட்டிருக்க வேண்டும். கோல் நட்டு, அதைச் சுற்றி வட்டமிட்டு, முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும். பிற்காலச் சிற்ப நூல்கள் கோயிலுக்குச் சொல்லும் வழி இது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையிலும், நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் திசை பார்த்து, நூலறிந்தவர்கள் கயிறிட்டு அரண்மனைக்கு நிலம் வகுக்கிறார்கள். அது சித்திரை மாதத்துப் பகல் என்கிறது நச்சினார்க்கினியர் உரை. 

நிழலை வைத்துத் திசை காண அவசரம் உதவாது. காலையில் ஒரு குறி, பிறகு வெயில் திரும்பும்வரை சும்மா இருத்தல். போனவர் ஒருவருக்காக ஒரு பகலை இப்படிக் கொடுத்தவர்கள், நாம் தியானம் என்று சொல்வதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

சென்னையிலும் சித்திரையில், ஏப்ரல் 24-ஐ ஒட்டி, நண்பகல் 12 மணி 7 நிமிட அளவில், நேராக நிற்கும் கோலுக்கு நிழல் இராது. ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு முறை அது நிகழும். தி.நகரிலோ அடையாறிலோ மொட்டை மாடி உள்ளவர்கள் அந்த நாள்களில் ஒரு குச்சியை நட்டு, காலையிலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.