மயிலை விரட்டிய சஷ்டி

ஓம் சரவணபவ!



"வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிடணும்டா. ரெண்டு மாடு, கொஞ்சம் காய்கறி, ஒரு ஓட்டு வீடு. அது போதும்." நம்மள்ல வாரத்துக்கு ஒருத்தராவது இதைச் சொல்லிடறோம். நானும் சொன்னவன்தான். சொன்னதோட நிக்காம, ராஜினாமா மெயிலை டைப் பண்ணி டிராஃப்ட்லயும் வச்சிருந்தேன்.

எனக்கு வயசு 28. பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலை. சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்துல, கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடி. எங்களுக்கு அங்க ரெண்டு ஏக்கர் காடு இருக்கு. வரப்புல நின்னா ஆண்டவர் மலை தெரியும்.

அந்த வருஷம் ஆபீஸ்ல ராத்திரி 11 மணிக்கும் மீட்டிங், ஞாயித்துக்கிழமையும் லேப்டாப். மனசு வெறுத்துப் போச்சு. அதுக்கு ஒரு பக்திச் சமாதானமும் கண்டுபிடிச்சு வச்சிருந்தேன். நம்ம பழனி ஆண்டவரே எல்லாத்தையும் உதறிட்டு, கோவிச்சுக்கிட்டு மலையில வந்து நின்னவர்தானே? நாம போனா மட்டும் தப்பா?

ஐப்பசியில கந்த சஷ்டிக்கு ஆறு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். விரதம் இருந்து, ஆறாம் நாள் கிரிவீதியில சூரசம்ஹாரம் பார்த்துட்டு, அப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லிடலாம்னு திட்டம்.

முதல் நாள் ராத்திரியே அப்பா சொன்னார்: "விரதமா கண்ணு? நல்லது. காலைல அஞ்சரைக்குக் காட்டுக்குப் போயிரு. மக்காச்சோளம் மொளச்சு வருது. மயில் விடமாட்டேங்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சஷ்டி விரதம் இருந்துக்கிட்டு மயிலை விரட்டறதா?

ஆனா போனேன். விடியறப்போ பதினஞ்சு மயில் இருக்கும். நாம ஸ்டேட்டஸ்ல வைக்கிற மாதிரி தோகை விரிச்சு ஆடிக்கிட்டு இல்ல. வரிசை பிடிச்சு, ஒவ்வொரு முளையா கொத்தி இழுத்து, அடியில இருக்கற விதையைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. ஏக்கருக்கு 8 கிலோ விதை ஊன்றியிருந்தார் அப்பா. பாதி வரிசை காலி.

மயில் 1963ல இருந்து தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைக் கொல்றது குற்றம். அப்பாவுக்கு அந்தச் சட்டமே தேவையில்ல. "சாமி வாகனம், அதும்மேல கல்லுகூடப் படக்கூடாது"ன்னுதான் சொல்வார். அம்மாவோட பழைய சேலைகளைக் காட்டைச் சுத்திக் கட்டியிருந்தார். கையில ஒரு தகரம், ஒரு குச்சி. தட்டிக்கிட்டே நடக்கணும். இந்தப் பக்கம் விரட்டினா அந்தப் பக்கம் இறங்கும். ரெண்டு மணி நேரத்துல என் கால் வீங்கிடுச்சு. சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. நடுவுல, விட்டுப்போன இடத்துல எல்லாம் குனிஞ்சு திரும்ப விதை ஊன்றணும்.

மூணாம் நாள் வரப்புல உட்கார்ந்து, "முருகா, உன் விரத நாள்ல உன் மயிலையே விரட்ட வச்சிட்டியே"ன்னு புலம்பினேன். அப்பதான் வள்ளியம்மை ஞாபகம் வந்தாங்க.

வள்ளி யாரு? வேடர் தலைவன் நம்பியோட மக. என்ன பண்ணாங்க? தினைப்புனம் காத்தாங்க. பரண் மேல உட்கார்ந்து, கையில கவண் வச்சுக்கிட்டு, "ஆலோலம்"னு குரல் கொடுத்து, கதிர் தின்ன வர்ற பறவைகளை விரட்டினாங்க. கந்தபுராணத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் அந்தப் பறவைகளைப் பேர் சொல்லி வரிசையா சொல்றார். கிளி, பூவை, புறா, குயில். அந்த வரிசையில மயிலும் இருக்கு!

யோசிச்சுப் பாருங்க. முருகனோட வாகனத்தோட இனத்தையே விரட்டிக்கிட்டு இருந்த ஒரு பொண்ணைத் தேடித்தான் முருகன் வந்தார். வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார், கிழவனா வந்து தேனும் தினைமாவும் கேட்டார். அவர் வந்து நின்ன இடம் ஒரு காவல்காட்டு வரப்பு. வெயில்ல ஒருத்தி விடாம வேலை பார்த்துக்கிட்டு இருந்த இடம்.

நான் ஏங்கின கிராமத்துல பரண் இருந்துச்சு, காவல் இல்ல. சின்ன வயசுல காட்டுல விளையாடினதும், சுட்ட சோளம் தின்னதும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தச் சோளம் கதிரா ஆகற வரைக்கும் விடிகாலையில யார் எழுந்து போனாங்கன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல.

ஆறாம் நாள் சம்ஹாரம் பார்த்துட்டு வந்து அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்ல. அப்புறம், "வர்றதுன்னா வா கண்ணு, இது உன் மண்ணு. ஆனா அங்க இருக்க முடியலன்னு இங்க வராத. அப்படி வந்தா ரெண்டாவது வருஷம் இங்கயும் இருக்க முடியாது"ன்னார். இன்னொன்னும் சொன்னார். பக்கத்துல ரெண்டு பேர் மயிலுக்குப் பயந்து விதைக்கறதையே விட்டுட்டாங்களாம். "எனக்கும் தனியா முடியல. அடுத்த வருஷம் சும்மா போட்டுடலாம்னு இருந்தேன்."

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டுச்சு. நான் கிராமத்துக்கு ஏங்கிக்கிட்டு இருந்த அதே நேரத்துல, என் சொந்தக் காடு ஆள் இல்லாம தரிசாகப் போயிருக்கும்.

தையில அறுவடை முடிஞ்சு கணக்குப் பார்த்தோம். விதை, உரம், களை எடுத்த கூலி, மெஷின் வாடகை எல்லாம் போக கையில நின்னது என் ஒரு மாசச் சம்பளத்தைவிடக் கம்மி. அதுல அப்பாவோட உழைப்புக்குக் கூலி போடவே இல்ல.

அந்த டிராஃப்டை அழிச்சிட்டேன். இப்ப ஒவ்வொரு வருஷமும் விதைச்சதும் ரெண்டு வாரம் ஊர்ல இருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கறேன். காலையில தகரம், பகல்ல லேப்டாப், சாயங்காலம் தகரம். மொத்தமா ஊருக்கே திரும்புவேனான்னு கேட்டா, தெரியல. ஆனா போனா, ஆபீஸ் மேல கோவிச்சுக்கிட்டு ஓடறவனா போகமாட்டேன். காவலுக்குப் போறவனா போவேன்.

ஊர்ல நிலம் இருக்கறவங்க, திருவிழாவுக்கு மட்டும் போகாம ஒரு தடவை விதைப்புக்குப் போய்ப் பாருங்க. நிலம் இல்லாதவங்க, அடுத்த கிருத்திகைக்குத் தேனும் தினைமாவும் படைக்கறப்போ, அந்தத் தினையைக் காத்த கையை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. வள்ளி நாயகனுக்கு அது பிடிக்கும்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!