நினைவில் நில்லாத மகிழ்ச்சி

மாசி பிறந்து பனி விலகத் தொடங்கும் நாள்களில், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளையுடைய இல்லங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. தேர்வுச் சுமை இன்னும் அவ்வீட்டை அடையவில்லை. சித்திரை வெயிலும் சுடத் தொடங்கவில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு நாள் தங்கி வரலாமே என்பதே அப்பேச்சு. எந்த ஊர் என்று தெரிவு செய்வதில் அறம் சார்ந்த வினா என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். ஆனால், தனக்காகப் பேசத் தெரியாத ஒருவருக்காக நாம் முடிவெடுக்கும் போதெல்லாம் அங்கே அறம் நுழைந்துவிடுகிறது.

இராமேசுவரம் பக்கம் செல்வதாக வைத்துக்கொள்வோம். அத்தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் விரிகுடா. தனுஷ்கோடிப் பகுதி மக்கள் தென்புறத்தை ஆண்கடல் என்றும், வடபுறத்தைப் பெண்கடல் என்றும் வழங்குவர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும்; வடகிழக்குக் காற்றின் காலத்தில் வடகடல் சீறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களில் இருபுறமும் ஓரளவு அமைதி நிலவும். ஆகவே காலம் பொருத்தமானதே. இனி இடம் எது என்பதே வினா.

பெரியவர் மனம் உடனே தனுஷ்கோடியை நாடும். 1964 டிசம்பரில் ஒரே இரவில் புயலும் கடலும் கொண்டுபோன ஊர் அது. இடிந்த ஆலயச் சுவரும் தொடர்வண்டி நிலையத்தின் எச்சங்களும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கும். நினைவுகூரத் தெரிந்தவர்க்கு அது அரிய இடம். மூன்று வயதுக் குழந்தைக்கோ, அது நிழலற்ற சுடுமணல்; இறங்கக் கூடாத, இழுக்கும் கடல். அதே வழியில், தீவை அடையுமுன் உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கடற்கரை இருக்கிறது. பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீர், சிற்றலை, கரையோரம் சவுக்கு மரங்களின் நிழல். அங்கே பெரியவர் வியந்து நோக்க அதிகமில்லை. குழந்தைக்கு ஒரு சிரட்டையும் ஈரமணலும் போதும். ஒரு காலைப்பொழுது முழுவதும் அதற்கு வேலை இருக்கும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். மூன்று வயதுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் நினைவில் நிற்பதில்லை என்பது உளவியலார் ஏற்கும் உண்மை. மறந்துவிடப்போகும் குழந்தைக்காக இடத்தைத் தேர்வானேன்? நினைவில் வைத்திருக்கப் போகிறவர்கள் பெற்றோரே. அவர்களுக்குப் பிடித்த இடத்திற்கே போனால் என்ன?

இவ்வாதம் வலிமையுடையதாகத் தோன்றினும், மகிழ்ச்சியின் மதிப்பு அதை நினைவுகூர்வதில்தான் இருக்கிறது என்று முன்கூட்டியே கொண்டுவிடுகிறது. அது சரியன்று. மறந்துபோன தாலாட்டு வீணான தாலாட்டு அன்று. உழைப்பால் உடல் களைப்பதுபோல உள்ளமும் களைக்கிறது என்றும், அதற்கு விளையாட்டே ஓய்வு என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் கருதினார். விளையாட்டு தனக்கு அப்பாலுள்ள எந்தப் பயனையும் தேடி நிற்பதில்லை. குழந்தை இதை நம்மினும் நன்கு அறியும். நாமோ புகைப்படத்திற்காகவும், பின்னாளில் சொல்லிக்கொள்வதற்காகவும் அதை வெயிலில் நிறுத்தி வைக்கிறோம். அப்பொழுது குழந்தை நம்முடைய நினைவுக்குக் கருவியாகிவிடுகிறது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்று மெய்யியலார் காண்ட் வகுத்த நெறி, கைப்பிடித்து நடக்கும் சிறு மனிதருக்கும் பொருந்தும்.

அப்படியாயின் வீட்டில் குழந்தையே ஆட்சி செய்ய வேண்டுமோ என்பது அடுத்த ஐயம். வேண்டியதில்லை. குழந்தையின் விருப்பம் வேறு. அதன் தேவை வேறு. ஆழம் நோக்கி ஓட வேண்டும் என்பது விருப்பம். நிழல், குடிநீர், வேளைக்கு உறக்கம், கைக்கெட்டும் தொலைவில் ஒரு பெரியவர் என்பன தேவைகள். இவற்றை அளவுகோலாகக் கொள்வது அதன் பிடிவாதத்திற்குப் பணிவது ஆகாது. கூட்டமாக நடப்போர் தம்முள் மெல்ல நடப்பவரின் நடைக்கு இசைந்து நடப்பது போன்றதே அது. குழந்தை உறங்கும் பிற்பகலில் தாயும் சற்றே கண்ணயரத்தக்க இடமாக அது இருக்கட்டும். அடுப்படியின் சுமையை அப்படியே கடற்கரைக்கு இடம் மாற்றுவது யாருக்கும் ஓய்வாகாது.

இன்னும் ஒன்று. அமைதியான கடலும் கடலே. சிறு குழந்தை மூழ்க முழங்காலளவு நீரும் வேண்டியதில்லை. பெரும்பாலும் ஓசையே எழாது. எனவே நீரில் இறங்குமுன் அவ்வூர் மீனவரிடம் கேட்டறிவது கடமை. அவர்கள் வலை உலர்த்தும் மணலில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கேட்பதில் பாதுகாப்பும் உண்டு, மரியாதையும் உண்டு.

கைம்மாறு கருதாமல் கொடுப்பதே அன்பு என்று நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். நன்றி சொல்லத் தெரியாத, நினைவிலும் வைக்கப்போகாத ஒருவருக்காக ஓர் இடத்தைத் தேடித் தெரிவு செய்யும்போதுதான் அச்சொல் மெய்யாகிறது. தனுஷ்கோடி காத்திருக்கும், பிள்ளைகள் வளர்ந்தபின் அங்கே அழைத்துச் சென்று அதன் கதையைச் சொல்லலாம். ஈரமணலே போதும் என்னும் பருவமோ நமக்காகக் காத்திருப்பதில்லை.