சீட்டு விழாத யோசேப்பு

திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் ஒரு மனிதர் தோன்றி உடனே மறைந்துவிடுகிறார். யூதாசின் இடத்தை நிரப்ப இருவர் முன்னிறுத்தப்படுகின்றனர். ஒருவர் மத்தியா, மற்றவர் பர்சபா எனப்பட்ட யோசேப்பு. இருவருமே தொடக்கமுதல் ஆண்டவரோடு நடந்தவர்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. மே 14ஆம் நாள் அவருக்குத் திருவிழா எடுக்கிறோம். யோசேப்பின் பெயரோ திருத்தூதர் பணிகள் நூலில் மீண்டும் வருவதில்லை. அன்று மாலை அவர் என்ன செய்திருப்பார்?

பல ஆண்டுகள் இந்தப் பகுதியை நின்று பாராமலே கடந்து போயிருக்கிறேன். என்னை அங்கே நிறுத்தியவர் ஒரு டிரம்ஸ் கலைஞர். அதிலும் நம் சென்னையில் பிறந்தவர்.

பீட் பெஸ்ட் 1941 நவம்பர் 24 அன்று மதராசில் பிறந்தார். தாய் மோனா, டில்லியில் பிறந்தவர். உலகப் போர் முடிந்த 1945இல் அக்குடும்பம் கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குச் சென்றது. 1959 ஆகஸ்டில் மோனா தம் வீட்டு நிலவறையை இளைஞர்களுக்கான இசை மன்றமாகத் திறந்தார். அங்கே வந்து வாசித்தவர்களுள் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் என்னும் மூவரும் இருந்தனர். மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தபோது, அவர்களுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. பீட் சேர்ந்துகொண்டார். அதுவே பின்னாளில் உலகை ஆட்டிவைத்த பீட்டில்ஸ் குழு.

இரண்டு ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். ஹாம்பர்க்கில் ஒரு திரையரங்கின் பின்புற அறைகளில் உறங்கி, இரவெல்லாம் வாசித்துத் தேறினார்கள். 1962 ஜூனில் லண்டனில் ஒலிப்பதிவுக்கூடத்தின் கதவு திறந்தது. ஆனால் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்குப் பீட்டின் தாளம் நிறைவளிக்கவில்லை. ஆகஸ்ட் 16 அன்று மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அவரைத் தம் அலுவலகத்துக்கு அழைத்து, குழுவில் இனி இடமில்லை என்றார். அவருடைய இருக்கையில் ரிங்கோ ஸ்டார் அமர்ந்தார். அக்டோபர் 5 அன்று பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. இடைவெளி இரண்டு மாதம்கூட இல்லை.

அவரை நீக்கியது தவறா? எளிதில் அப்படிச் சொல்லிவிட முடியாது. தனக்குப் பொருத்தமானவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஒரு குழுவுக்கு உண்டு. ரிங்கோவின் வருகையால் அவர்கள் இசை உயர்ந்தது என்பதையும் பலர் ஏற்பர். ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. மூன்று நண்பர்களில் ஒருவர்கூட அன்று அந்த அறையில் இல்லை. அது கோழைத்தனம் என்று லெனனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஒரு செயல் நன்றாயிருக்க, செய்யப்படுவது, செய்வதன் நோக்கம், செய்யும் சூழல் ஆகிய மூன்றும் நன்றாயிருக்க வேண்டும் என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். முதல் இரண்டைப் பற்றி நாம் நிறையவே வாதிடுகிறோம். மூன்றாவதில், அதாவது எப்படிச் செய்தோம், யார் வாயால் சொன்னோம் என்பதில்தான் பெரும்பாலும் வழுக்கி விழுகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை? பரங்கிமலை முதல் தாம்பரத்துக்கு அப்பால் வரை நம் புறநகர்ப் பங்குகளில் கீபோர்டும் கிட்டாரும் டிரம்ஸும் இல்லாத பாடற்குழு இன்று அரிது. இப்பகுதியில் நான் பணியாற்றிய ஒரு பங்கில், இரயில்வேயில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் இருபது ஆண்டுகளாக டிரம்ஸ் வாசித்து வந்தார். வயது ஏற ஏறத் தாளம் பின்தங்கியது, பாடுவோர் தடுமாறினர். கைதேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் கிடைத்தான். கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மாற்றிவிட முடிவு செய்தேன். அந்த முடிவு தவறென்று இன்றும் நான் எண்ணவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லும் வேலையைப் பாடற்குழுத் தலைவரின் தலையில் கட்டிவிட்டு, நோயாளரைச் சந்திக்கப் போவதாகக் கிளம்பிவிட்டேன். நோயாளர் மறுநாள்வரை காத்திருந்திருப்பார்.

அடுத்த ஞாயிறு அவர் திருப்பலிக்கு வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்தார். காணிக்கைப் பாடலின்போது அவர் விரல்கள் முன்பெஞ்சில் தாளமிட்டுக்கொண்டிருந்ததைப் பீடத்திலிருந்து கண்டேன். அதன்பின் பல மாதங்கள் கழித்தே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கும் துணிவு வந்தது. அவர் சொன்னது இவ்வளவே: “எடுத்தது சரிதான் சாமி. நீங்களே வந்து சொல்லியிருக்கலாம்.”

பீட் பெஸ்டின் பிற்கால வாழ்வைப் படித்தபோது இவர் முகமே நினைவுக்கு வந்தது. மனமுடைந்த பீட் ஒருமுறை தற்கொலைக்கு முயன்றார். தாயும் தம்பியும் காப்பாற்றினர். பிறகு ரொட்டி மூட்டைகளை வண்டியில் ஏற்றினார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணிபுரிந்தார். வேலை இழந்தவரின் வலி அறிந்த அந்த மனிதர், வேலை இல்லாதோருக்கு வழிகாட்டினார். உலகம் இதைத் தோல்வி என்கிறது. நற்செய்தியின் கண்ணுக்கும் அப்படியா தெரியும்?

1995இல் பீட்டில்ஸின் பழைய பதிவுகள் தொகுதியாக வந்தன. பீட் வாசித்தவையும் அதில் இடம்பெற்றதால் அவருக்குரிய பணம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஆனால் அதன் அட்டைப் படத்தில், பழைய நிழற்படம் ஒன்றில் பீட்டின் முகம் இருந்த பகுதி கிழிக்கப்பட்டு, அங்கே ரிங்கோவின் முகம் தெரிந்தது. 2008இல் பீட் தம் சொந்தக் குழுவுடன் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதன் அட்டையில் அவர் வைத்தது கிழிக்கப்பட்ட அந்தத் துண்டையே. அதில் கசப்பைவிட ஒரு குறும்புச் சிரிப்பையே நான் காண்கிறேன். 2025இல், எண்பத்து மூன்றாம் வயதில், அவர் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார்.

யோசேப்பிடம் திரும்புவோம். அவர் கோபித்துக்கொண்டு போனதாக நூல் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில் பெந்தக்கோஸ்து நாள்; எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள். யோசேப்பும் அங்கே இருந்தார் என்றே நான் நம்புகிறேன். சீட்டு ஒருவருக்குத்தான் விழுந்தது. நெருப்பு நாவுகளோ அங்கிருந்த ஒவ்வொருவர்மேலும் வந்து அமர்ந்தன. பதவிக்கு எண்ணிக்கை உண்டு. தூய ஆவிக்கு இல்லை.

பங்குப்பேரவையிலும் பக்த சபைகளிலும், நாம் வேலைசெய்யும் இடங்களிலும், ஒருவரை இருக்கையிலிருந்து எழுப்ப வேண்டிய நாள் வரத்தான் செய்யும். அந்நாளில் வேறு ஆளை அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள். எதிரில் அமர்ந்து, அவர் செய்தவற்றுக்கு நன்றி கூறி, சொல்ல வேண்டியதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கிளம்புமுன், அடுத்த ஞாயிறு அவர் எங்கே அமர்வார் என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.