பெயர் சொல்லி அழைப்பதும் ஒரு கைங்கர்யம்

ஸ்ரீ:

உற்சவ காலத்தில் புதுச்சேரிக்கு வரும் அன்பர்கள், காந்தி வீதியில் எழுந்தருளியிருக்கும் வரதராஜப் பெருமாளை ஸேவித்தபின், அதே வீதியில் உள்ள பெரிய மார்க்கெட்டுக்குச் சென்று துளஸியும் புஷ்பமும் பழமும் வாங்குவது வழக்கம். அங்கே காதில் விழுவது விலை மாத்திரம் அன்று, பெயர்களும் விழுகின்றன. ‘கோவிந்தா, மூட்டையை இறக்கு’ என்கிறது ஒரு குரல். ‘ரங்கநாயகி, பூவை அளந்து போடு’ என்கிறது மற்றொன்று. வியாபாரம் செய்வோர் நாவில் எம்பெருமானும் பிராட்டியும் நாள் முழுதும் எழுந்தருளுகின்றனர். இஃது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அழைப்பவரும் அறியார், அழைக்கப்படுபவரும் அறியார்.

பெயர் என்பது விசித்திரமானதொரு உடைமை. அதை உடையவன் தானே தேர்ந்து கொண்டதில்லை, பெற்றோர் இட்டது. அதை அவன் பயன்படுத்துவதும் அரிது, ஊரார்தாம் பயன்படுத்துகின்றனர். ஆகவே பெயரின் பலன் இட்டவரிடமும் அழைப்பவரிடமும் இருக்கிறது.

பெரிய மார்க்கெட்டின் பெயரையே எடுத்துக்கொள்வோம். புதுவையின் மேயராகவும் 1963-64இல் முதலமைச்சராகவும் விளங்கிய எதுவார் குபேர் (1894-1979) அவர்களின் பெயரால் இது குபேர் அங்காடி என வழங்குகிறது. ‘எதுவார்’ என்பது ஆங்கிலத்தில் எட்வர்ட் என வழங்கும் பழம்பெயர். அதன் பொருள் ‘செல்வத்தைக் காப்பவன்’ என்பது. தமிழர் செவிக்கோ ‘குபேர்’ என்றவுடன் நிதிகளைக் காக்கும் குபேரனே நினைவுக்கு வருகிறான். ஒலி ஒத்திருப்பதால் மூலமும் ஒன்றே என்று சொல்லலாகாது. குபேர் என்பது ஐரோப்பியக் குடும்பப் பெயர், குபேரன் என்பது நம் புராணப் பெயர். ஆயினும் ஓர் அங்காடிக்கு இவ்விரண்டும் பொருந்தி வந்தது ரஸமானதே. அந்தக் குபேரனிடமே திருவேங்கடமுடையான் தன் திருக்கல்யாணத்துக்குக் கடன் பட்டான் என்று ஸ்தல புராணம் கூறும். செல்வத்தைக் காப்பவன் வேறு, செல்வத்துக்கு நாயகனான ஸ்ரீய:பதி வேறு என்பதை வாங்குவோரும் விற்போரும் மறவாதிருப்பது நலம்.

தேசங்கள் தோறும் பெயர்களை ஆராய்ந்தால், மனித உள்ளம் எங்கும் ஒன்றாகவே நினைத்திருப்பது புலனாகும். பிள்ளையைக் கண்டவுடன் எங்கும் தோன்றும் முதல் எண்ணம், ‘இது இறைவன் தந்தது’ என்பது. நம்மவர் தேவதத்தன் என்றனர். கிரேக்கர் தியோடோரோஸ் என்றனர். எபிரேயர் நத்தானியேல் என்றனர். பிரெஞ்சுக்காரர் தியுதொன்னே என்றனர். எல்லாவற்றுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. ‘இறைவன் அருளினான்’ என்னும் பொருளுடைய எபிரேயப் பெயரே யோவான் ஆயிற்று; பிரெஞ்சில் ழான் ஆயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் அதன் பொருளை உணர்ந்து அருளப்பர் என்று மொழிபெயர்த்தனர். ‘சிறியவர்’ என்னும் பொருளுள்ள பவுல் சின்னப்பர் ஆனார். ‘முடி’ என்னும் பொருளுள்ள ஸ்தேவான் முடியப்பர் ஆனார். வரம் தருபவருள் அரசன் என்னும் பொருளுடைய வரதராஜன் திருநாமத்தைத் தாங்கும் ஊரார்க்கு, கொடுத்தவனை நினைத்துப் பிள்ளைக்குப் பெயரிடும் இம்முறை புதிதன்று.

இரண்டாவது எண்ணம், ‘இவன் இறைவனுக்கு அடிமை’ என்பது. அரபு மொழியில் அப்துல்லாஹ், எபிரேயத்தில் ஒபதியா, கிரேக்கத்தில் தியோதூலோஸ் ஆகிய மூன்றும் இறைவனின் ஊழியன் என்றே பொருள்படும். நம் ஸம்பிரதாயமோ இதனைப் பெயரளவில் நிறுத்தாமல் ஸம்ஸ்காரமாகவே விதித்தது. பஞ்சஸம்ஸ்காரத்தில் தாபத்துக்கும் புண்ட்ரத்துக்கும் அடுத்து நிற்பது நாமம். ஆசார்யன் அளிக்கும் தாஸ்ய நாமத்தைப் பெற்றபின், பண்டிதனும் பாமரனும் ‘இராமாநுஜ தாஸன்’ என்றே தன்னைச் சொல்லிக் கொள்கிறான்.

பணத்தையும் துணியையும் எதிர்பார்த்துப் பிறர் பெயரைப் பிள்ளைக்கு இடுவோரைக் கடிந்து, நாராயணன் நாமத்தையே இடுமின் என்று பெரியாழ்வார் ஒரு திருமொழி முழுவதும் உபதேசித்தார். ஆளவந்தாரின் நிறைவேறாத மனோரதங்களுள் ஒன்று, பராசர வியாஸ மஹரிஷிகளிடம் நன்றி தோற்ற அவர்கள் திருநாமத்தை விளங்கச் செய்வது. எம்பெருமானார் அதனைக் கூரத்தாழ்வானின் திருக்குமாரர்களுக்குப் பராசர பட்டர், வேதவியாஸ பட்டர் என்று பெயரிட்டு நிறைவேற்றினார். பெயரிடுதல் ஒரு கடன் தீர்த்தலாகவும் ஆகும் என்பதற்கு இதுவே சான்று.

ஸ்ரீமத் பாகவதம் ஆறாம் ஸ்கந்தத்தில் அஜாமிளன் கதை வருகிறது. அவன் அந்திம காலத்தில் பகவானை அழைக்கவில்லை. நாராயணன் என்ற தன் கடைக்குட்டியைத்தான் அழைத்தான். ஆயினும் விஷ்ணு தூதர் வந்தனர். வேறொருவரைக் குறித்தாலும், பரிஹாஸமாகச் சொன்னாலும், பாட்டின் இடைநிரப்பாகச் சொன்னாலும், அலட்சியமாகச் சொன்னாலும் திருநாமம் பாபத்தைப் போக்கும் என்று அவர்கள் கூறினர். இவற்றுள் முதலாவதற்கு ஸாங்கேத்யம் என்று பெயர். மார்க்கெட்டில் கோவிந்தனை அழைப்பது ஸாங்கேத்யமே.

பெரிய மார்க்கெட்டை அடுத்த ரங்கப்பிள்ளை வீதி இதற்கு மற்றோர் உதாரணம். தினப்படி எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709-1761) தகப்பனார் பெயர் திருவேங்கடம் பிள்ளை. தந்தையிடம் திருமலை, மைந்தனிடம் திருவரங்கம். துப்ளேக்ஸ் காலத்தில் கவர்னர் மாளிகையில் ‘ரங்கப்பிள்ளை’ என்று அழைத்த துரைமார், கணக்கையும் சரக்கையும் பற்றியே பேச அழைத்தனர். எனினும் அந்நிய நாவிலும் அரங்கன் திருநாமம் புகுந்தது.

பெயர் ஒருவனை உயர்த்துவது போலவே, அதனோடு ஒட்டிய அடையாளம் ஒருவனைத் தாழ்த்தவும் கூடும். இதையும் புதுவை கண்டிருக்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதிய பிரெஞ்சு ஆணைப்படி, ஜாதி வழக்கங்களோடு கூடிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க விரும்பியோர், புதியதொரு குடும்பப் பெயரைப் பதிவு செய்து கொண்டனர். அவர்களுக்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி தேர்ந்த பெயர் ‘லா போர்த்’; ‘வாசல்’ என்பது அதன் பொருள். பழைய அடையாளத்துக்குள் மூச்சு முட்டியவன், வாசல் என்று தனக்குப் பெயரிட்டுக் கொண்டான்! இதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. எல்லோருக்கும் தாஸன் என்ற ஒரே பெயரை ஆசார்யர்கள் திறந்து வைத்திருக்க, நாம் அவ்வாசலை எத்தனை பேருக்கு அடைத்து வைத்தோம் என்பதை ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்.

இந்நாளில் பிள்ளைக்குப் பெயர் தேடுவோர் ஓசையையும் எண்கணிதத்தையும் பார்க்கின்றனர். பொருளைப் பார்ப்பவர் குறைவு. பாட்டனார் பெயர் பழையதாகத் தோன்றுகிறது. விரும்பிய பெயரை அழைக்க இடட்டும். அதனோடு எம்பெருமான் திருநாமம் ஒன்றையும் இட்டு, வீட்டிலாவது அதனைச் சொல்லி அழைக்கட்டும். இட்ட பெயர் ஏட்டில் மாத்திரம் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

இன்னும் ஒன்று. மூட்டை சுமப்பவர் பெயர் கோவிந்தனாக இருக்கும். நாமோ ‘ஏய்’ என்கிறோம். கீரை விற்கும் மூதாட்டி பெயர் அலமேலு; நாமோ ‘இந்தாம்மா’ என்கிறோம். பெற்றவர் அன்போடு இட்ட திருநாமம் அவர்களிடம் உறங்குகிறது. அதைச் சொல்லக் கிடைத்த நம் நாவும் வெறுமனே திரும்புகிறது. உற்சவத்துக்கு வந்த அன்பர்கள் இன்று மார்க்கெட்டுக்குச் செல்லும்போது, கூடை தூக்குபவரிடம், ‘ஐயா, உங்கள் பெயர் என்ன?’ என்று ஒரு முறை கேட்கட்டும். அறிந்தபின் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்லி அழைக்கட்டும். அவர் தாங்குவது எம்மதத்துப் பெயராயினும், அதை இட்ட பெற்றோர் இறைவனையும் நன்மையையும் நினைத்தே இட்டிருப்பர். அது பெருமாள் திருநாமமாகவே இருந்துவிட்டால், செலவின்றி ஒரு கைங்கர்யமும் ஸித்தித்ததாகும்.

வரதராஜன் திருவடிகளே சரணம்.